மூடப்பட்ட ராணுவத் தளங்களில் காட்டுயிர்ப் பாதுகாப்பு: திட்டமிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெடிக்காத குண்டுகள் கிடக்கும் நிலத்தில் பாதையை விட்டு விலகக் கூடாது என்பதை நுழைவாயில் பலகையே சொல்லிவிடும். எங்கள் தலைமுறை செய்த பிழைகளையே புதியவர்களும் திட்ட வரைவுகளில் எழுதி வருவதால், அவற்றை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன்.

வாயிலைப் பூட்டினால் போதும் என்று நம்புவது

"ராணுவம் வெளியேறியதும் நிலத்தை அதன் போக்கில் விட்டுவிட வேண்டும்" என்ற வரியைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், 1995இல் மூடப்பட்ட ஜெஃபர்சன் வெடிபொருள் சோதனைக் களம், 2000இல் பிக் ஓக்ஸ் தேசியக் காட்டுயிர்ப் புகலிடமாயிற்று. சுமார் 50,000 ஏக்கர் பரப்புள்ள அந்நிலத்தில் புல்வெளிப் பறவையான ஹென்ஸ்லோ குருவி கூடு கட்டக் காரணம், குண்டுகள் மூட்டிய தீ பல பத்தாண்டுகளாக மரங்களைத் தலையெடுக்க விடாமல் புல்வெளியைக் காத்து வந்ததுதான். சோதனை நின்றதும் அந்தத் தீயும் நின்றுவிட்டதால், இப்போது திட்டமிட்டுத் தீ வைத்தே புல்வெளியைப் பராமரிக்கிறார்கள். பெர்லினுக்கு மேற்கே, முன்பு ராணுவப் பயிற்சிக் களமாக இருந்த டோபெரிட்ஸ் புதர்வெளியிலோ, பீரங்கி வண்டிகள் அழுத்திய தடங்களில் தேங்கும் மழைநீரில் இறாலைப் போன்ற சிற்றுயிர்கள் வாழ்கின்றன. வண்டிகள் போன பின் அப்பகுதி அடர்ந்துவிடாமல் ஐரோப்பியக் காட்டெருமைகளும் ப்ரெஸ்வால்ஸ்கி எனும் காட்டுக்குதிரைகளும் மேய்கின்றன.

ஒரு கூட்டத்தில் இளம் அலுவலர் ஒருவர் செயற்கைக்கோள் படத்தைக் காட்டி, "காடு திரும்பிவிட்டது, பாருங்கள்" என்று பெருமையுடன் சொன்னார். படத்தில் பச்சையாகத் தெரிந்தவை, புல்வெளிப் பறவைகளை விரட்டிவிட்டு நெருக்கமாக முளைத்திருந்த பைன் கன்றுகள். அவை முழங்கால் உயரத்தில் இருக்கும்போது ஒரு தீயே போதும். ஆளுயரம் தாண்டிவிட்டால், அடியில் குண்டுகள் புதைந்திருக்கும் மண்ணில் வேரைத் தோண்டவும் முடியாது, சாதாரண இயந்திரத்தை இறக்கவும் முடியாது. கவச வண்டி வரவழைக்கும் செலவை எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் நான் முன்கூட்டியே கண்டதில்லை.

கோடையில் மட்டும் கணக்கெடுப்பது

கலிபோர்னியாவில் 1994இல் மூடப்பட்ட ஃபோர்ட் ஓர்ட் தளத்தின் மழைக்குட்டைகள் கோடையில் வெறும் பள்ளங்களாகவே தெரியும். அவற்றில் முட்டையிடும் புலி சாலமாண்டர் எனும், பல்லி போன்ற நீர்நில வாழ்வி அப்போது நிலத்தடி வளைகளுக்குள் இருக்கும்.

உரிமையாளரைக் கேட்காதிருப்பது

பிக் ஓக்ஸ் நிலம் இன்னும் ராணுவத்துக்கே சொந்தம். ராணுவத்துடனான ஒப்பந்தத்தைப் படியுங்கள்.

மக்களுக்கு அவசரமாகத் திறந்துவிடுவது

வேண்டாம்.

குண்டு அகற்றுவோரின் அட்டவணையைத் தனியே விடுவது

கூடு கட்டும் மாதங்களை அவர்களுடைய அட்டவணையில் தொடக்கத்திலேயே எழுதி வையுங்கள். பின்னால் சேர்த்தால் ஒப்பந்தக்காரர் கூடுதல் தொகை கேட்பார்.