தள்ளி நின்று கொண்டாடும் கிறிஸ்துமஸ்: தொற்றுக் காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் டிசம்பர் பிறந்துவிட்டதைப் பேருந்தில் போகும்போதே அறிந்துகொள்ளலாம். வாசலுக்கு வாசல் காகித நட்சத்திரம் தொங்கும். முற்றத்தின் ஓரத்தில் குடில் கட்டுவதற்கான வைக்கோல் வந்து இறங்கியிருக்கும். 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்களில் ஏறத்தாழ 47 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள் என்பதால், வளைகுடாவிலும் சென்னையிலும் பெங்களூருவிலும் வேலை பார்ப்பவர்களில் பலர் ஆண்டு விடுப்பை இந்த ஒரு வாரத்துக்கென்றே சேர்த்து வைத்திருப்பார்கள். கொரோனா பரவிய 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அந்த வழக்கத்தைக் குலைத்துப்போட்டன. முதலாவது, தடுப்பூசி வருவதற்கு முந்தைய கிறிஸ்துமஸ்; இந்தியாவில் தடுப்பூசி போடும் பணி 2021 ஜனவரி 16ஆம் தேதிதான் தொடங்கியது. இரண்டாவது, ஒமைக்ரான் என்ற கொரோனா திரிபு வந்து சேர்ந்த கிறிஸ்துமஸ். தமிழ்நாட்டில் அதன் முதல் தொற்று டிசம்பர் 15ஆம் தேதி உறுதியானது. அந்த இரண்டு ஆண்டுகளிலும் எங்கள் உறவு வட்டத்தில் நேர்ந்த தவறுகளை இப்போது எண்ணிப் பார்க்கையில், அவற்றில் பெரும்பாலானவை ‘வா என்றும் சொல்ல முடியவில்லை, வராதே என்றும் சொல்ல முடியவில்லை’ என்ற அரைகுறை முடிவிலிருந்து பிறந்தவை என்றே தோன்றுகிறது.

ஆகவே முதலில் சொல்ல வேண்டிய தவறு, முடிவைக் கடைசி நாள் வரை தள்ளிப்போடுவது. ‘கூட்டம் குறைந்தால் வருகிறேன்’, ‘டிக்கெட் கிடைத்தால் பார்க்கலாம்’ என்று இழுத்துக்கொண்டே போனால், இறுதியில் நாம் எடுக்க வேண்டிய முடிவை அரசாங்கம் எடுத்துவிடும். பிரிட்டனில் 2020 டிசம்பர் 23 முதல் 27 வரை குடும்பங்கள் ஒன்றுகூடலாம் என்று முதலில் அனுமதி அளித்திருந்தார்கள். 19ஆம் தேதி மாலையில் லண்டன் உள்ளிட்ட தென்கிழக்குப் பகுதிகளுக்கு அந்த அனுமதியையே ரத்து செய்தார்கள். அன்றிரவே ஊரை விட்டு வெளியேற எண்ணியவர்களால் லண்டன் ரயில் நிலையங்கள் நிரம்பி வழிந்தன. நோய்க்குப் பயந்து போட்ட தடையே நோய் பரவக்கூடிய கூட்டத்தைக் கூட்டியது. அடுத்த சில நாட்களில் பிரிட்டனிலிருந்து வரும் விமானங்களை இந்தியாவும் நிறுத்தியபோது, பெட்டி கட்டி வைத்திருந்தவர்கள் அங்கேயே தங்க நேர்ந்தது. டிசம்பர் முதல் வாரத்திலேயே ‘இந்த ஆண்டு வரவில்லை’ என்று சொல்லிவிட்டவர்கள் இரண்டு நாள் வருந்தினார்கள். ஆனால் பார்சல் அனுப்பவும், அழைப்பு நேரம் குறிக்கவும், பெற்றோருக்கு அந்த நாளில் துணைக்கு யார் என்று பார்க்கவும் அவர்களுக்கு மூன்று வாரம் மிச்சமிருந்தது.

அடுத்தது உறவுக்குக் கொடுக்கும் விதிவிலக்கு. காய்கறிக் கடையில் ஆறடி தள்ளி நிற்பவர்கள்கூட, சித்தப்பா மகன் வந்தால் முகக்கவசத்தைக் கழற்றிவிடுவார்கள். ‘நம்ம ஆளுதானே’ என்ற சொல்லைத்தான் நான் அந்த நாட்களில் மிக அதிகமாகக் கேட்டேன். எனக்குத் தெரிந்த ஒரு தாய் சென்னையிலிருந்த மகனிடம், “வீட்டுக்குள்ள வரண்டாம் மக்களே, வாசல்ல நின்னு ஒருதடவ முகத்தக் காட்டிட்டுப் போ” என்று கேட்டார். கேட்பவருக்கு அது சின்ன ஆசை. ஆனால் எழுநூறு கிலோமீட்டர் பயணம் செய்து வந்தவனை எந்த வீடும் வாசலோடு அனுப்புவதில்லை. வாசல் திண்ணையாகும், திண்ணை சாப்பாட்டு மேசையாகும். கணக்கைப் பாருங்கள்: 2020இல் பரவிய வைரஸ் உடலுக்குள் புகுந்து அறிகுறி காட்டுவதற்குச் சராசரியாக ஐந்தாறு நாள் ஆகும், அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே அது பிறருக்குப் பரவக்கூடும். 22ஆம் தேதி ரயிலில் தொற்றை வாங்கிக்கொண்ட ஒருவர் 25ஆம் தேதி தும்மல்கூட இல்லாமல் உற்சாகமாக உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுவார். அவருக்குக் காய்ச்சல் 27ஆம் தேதி வாக்கில்தான் வரும். அவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்த ஆச்சிக்கோ புத்தாண்டு பிறக்கும் நேரத்தில் வரும்.

பரிசோதனை முடிவை அனுமதிச் சீட்டாக எண்ணுவதும் இதன் தொடர்ச்சிதான். 20ஆம் தேதி தொற்று இல்லை என்று வந்த ஆர்டி-பிசிஆர் சான்று, மாதிரி எடுத்த அந்த நேரத்து நிலைமையை மட்டுமே சொல்கிறது. உடலில் வைரஸ் போதிய அளவு பெருகுவதற்கு முன் எடுத்த மாதிரியில் அது அகப்படாமல் போகலாம். அதற்குப் பிறகு விமான நிலையத்திலும் வாடகைக் காரிலும் நேர்ந்தவற்றுக்கு அந்தச் சான்று பொறுப்பேற்காது.

பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கீத பவனி இல்லாத டிசம்பரை எங்கள் பக்கத்தில் யாராலும் நினைத்துப் பார்க்க முடியாது: இரவு பத்து மணிக்கு மேல் டிரம்மும் கிட்டாருமாக இருபது முப்பது பேர் வீடு வீடாகச் சென்று பாடி, ஜெபித்து, காப்பி குடித்து, அடுத்த வீட்டுக்கு நகர்வார்கள். வாய் திறந்து பாடும்போது சாதாரணப் பேச்சைவிட மிக அதிகமான நுண்துளிகள் வெளிப்படுகின்றன. மூடிய அறையில் அவை நெடுநேரம் மிதக்கின்றன. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காகிட் என்ற பகுதியின் பாடகர் குழு 2020 மார்ச் 10ஆம் தேதி இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்தது. வந்திருந்த 61 பேரில் ஒருவருக்குச் சளி போன்ற அறிகுறி இருந்தது. சில நாட்களில் 53 பேர் நோயாளிகளாகக் கணக்கிடப்பட்டார்கள், இருவர் இறந்தார்கள். கைகுலுக்குவதைத் தவிர்த்து, கிருமிநாசினி தடவிக்கொண்டு, பாட்டை மட்டும் பழையபடி வீட்டுக் கூடத்துக்குள் நின்று பாடிய குழுக்களை நினைக்கும்போது இந்த எண்ணிக்கை என் நினைவுக்கு வருகிறது. முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுப் பாடுவது அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவதற்குச் சமம்.

கீத பவனியோடு கிறிஸ்துமஸ் தாத்தாவும் வருவார். முதியோர் இல்லங்களுக்கு அவரை அழைத்துச் செல்வது நல்ல எண்ணத்தில் செய்யும் காரியமே. பெல்ஜியத்தின் மோல் நகரில் 2020 டிசம்பர் தொடக்கத்தில் புனித நிக்கோலாஸ் வேடமணிந்த ஒருவர் ஒரு முதியோர் இல்லத்துக்குச் சென்று வந்ததை அடுத்து அங்கே தொற்று பரவியது. இருபதுக்கும் மேற்பட்ட முதியவர்கள் உயிரிழந்தார்கள். வேடமிட்டவர் ஒருவரே அதற்குக் காரணமா, கட்டடத்தின் காற்றோட்டக் குறைவும் காரணமா என்று பிறகு விவாதம் எழுந்தது. எப்படியானாலும், சன்னலுக்கு வெளியே நின்று கையசைக்கும் தாத்தாவையே முதியோர் இல்லங்களுக்கு நான் பரிந்துரைப்பேன்.

இனி தொலைபேசி. நேரில் பார்க்க முடியாதென்றால் காணொளி அழைப்பு இருக்கிறதே என்று எல்லாரும் சொன்னோம்; ஆனால் எந்த முன்னேற்பாடும் இல்லாமல் அழைத்து, அந்த நாளையே கெடுத்துக்கொண்டவர்கள் பலர். 2020இல் வாட்ஸாப் குழு அழைப்பில் எட்டுப் பேருக்கு மேல் சேர முடியாது. ஜூம் இலவசக் கணக்கில் நாற்பது நிமிடத்தில் இணைப்பு அறுந்துவிடும். அந்தக் கிறிஸ்துமஸ் நாட்களுக்கு மட்டும் அந்நிறுவனம் அந்த வரம்பை நீக்கியிருந்தது. எந்தச் செயலியானாலும் இத்தகைய வரம்புகளை முன்னதாகவே தெரிந்துகொள்ள வேண்டும். ஜெபம் பாதியில் இருக்கும்போது திரை அணைந்துபோவதைப் போன்ற சங்கடம் வேறில்லை. நேர வித்தியாசத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: நாகர்கோவிலில் 24ஆம் தேதி நள்ளிரவு மணி அடிக்கும்போது துபாயில் இரவு பத்தரை, லண்டனில் மாலை ஆறரை, டொரண்டோவில் பிற்பகல் ஒன்றரை, சிட்னியில் 25ஆம் தேதி விடியற்காலை ஐந்தரை. எல்லாரையும் ஒரே நேரத்தில் திரைக்கு இழுப்பதென்றால் யாரோ ஒருவர் தூக்கத்தை இழக்க வேண்டும், யாரோ ஒருவர் வேலையிடத்தில் ஒளிந்து நின்று பேச வேண்டும். இரண்டு அழைப்புகளாகப் பிரித்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

எங்கள் ஆச்சிக்கு அப்போது எண்பத்திரண்டு வயது. தொலைபேசி என்றால் காதில் வைப்பது என்பதே அவருடைய அனுபவம். காணொளி அழைப்பிலும் அப்படியே வைத்தார். நான்கு நாடுகளிலிருந்து ஏழு பேர் அரை மணி நேரம் அவருடைய காதையும் பாம்படம் போட்டு நீண்ட காதுத் துளையையும் பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் சிரிப்பு ஒருபுறம். மறுபுறம், அவர் எங்கள் முகங்களைப் பார்க்கவே இல்லை. அடுத்த ஆண்டு ஒரு பழைய டேப்லெட்டை மேசைமேல் சாய்த்து நிறுத்தி, ஒலிபெருக்கியில் ஒலியைக் கூட்டி வைத்து, 18ஆம் தேதியே ஒத்திகை பார்த்துவிட்டோம். முதியவர்களைப் பெரிய குழு அழைப்பில் சேர்த்துவிட்டால் போதும் என்று நினைப்பது தவறு. பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசும்போது அவர்களுக்கு இரைச்சல் மட்டுமே கேட்கும். ஒவ்வொருவரும் தனியாகப் பத்து நிமிடம் பேசுவதே அவர்களுக்கு நிறைவு தரும். அழைப்பை இணைத்துக் கொடுப்பதற்காகப் பக்கத்து வீட்டுப் பையனை முகக்கவசமில்லாமல் உள்ளே வரவழைத்த வீடுகளும் உண்டு. நாம் யாரைக் காப்பாற்றத் தள்ளி நின்றோமோ அவரருகிலேயே அவன் உட்கார்ந்திருந்தான்.

காணொளியில் எல்லாரும் சேர்ந்து பாட முயல்வதும் வேண்டாம். ஒலி ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு தாமதத்தோடு போய்ச் சேர்வதாலும், ஒரு குரல் ஓங்கும்போது செயலி மற்ற குரல்களை அமுக்குவதாலும், பாட்டு சிதறிப்போகும். ஒருவர் பாட, மற்றவர்கள் தங்கள் ஒலியை அடைத்துவிட்டு வீட்டுக்குள் உடன் பாட வேண்டும். அல்லது தனித்தனியாகப் பதிவு செய்து அனுப்பி ஒருவர் அவற்றை இணைக்க வேண்டும்.

வழிபாட்டு நேரத்தை மாற்றினால் பண்டிகையின் புனிதம் குறையும் என்று எண்ணிச் சிலர் கூட்டத்துக்குள் போனார்கள். 2020இல் இத்தாலியில் இரவு பத்து மணிக்கு ஊரடங்கு என்பதால், வத்திக்கானில் திருத்தந்தையின் கிறிஸ்து பிறப்புத் திருப்பலியே மாலை ஏழரை மணிக்கு, விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலான மக்களோடு நடந்தது. ரோமே நேரத்தை மாற்றிக்கொண்டபோது நம் பங்குக் கோவிலும் சபையும் மாற்றிக்கொள்வதில் குறையில்லை. நேரலையில் பார்ப்பவர்கள் சமையலுக்கு நடுவே எட்டிப் பார்ப்பதைத் தவிர்த்து, புதுத்துணி உடுத்தி ஓரிடத்தில் உட்கார்ந்தால் அது வழிபாடாக இருக்கும்.

மெழுகுவர்த்தி ஆராதனைக்கு முன் கையில் சானிடைசர் தடவிக்கொள்பவர்கள், அது முழுவதும் உலர்ந்த பிறகே தீப்பெட்டியைத் தொட வேண்டும். அதில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் இருக்கிறது. பட்டாசுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வீட்டிலென்றால் சோப்பும் தண்ணீருமே போதும்.

பலகாரப் பார்சலில் நேரும் தவறு பெரும்பாலும் அவசரத்தால் வருவது. முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் தொலைவு தாங்கும். ஆனால் எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்த சூடு ஆறுவதற்குள் டப்பாவில் அடைத்தால் உள்ளே வியர்த்து, மூன்றாம் நாள் நமத்துப்போகும். அச்சு முறுக்கை ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே காகிதம் வைத்து, டப்பாவில் அசைய இடமில்லாதபடி அடுக்க வேண்டும். இல்லையென்றால் போய்ச் சேர்வது அச்சு முறுக்குத் தூள்தான். பண்டிகை வாரத்தில் கூரியர் தாமதமாகும் என்பதால் 15ஆம் தேதிக்குள் அனுப்பிவிடுவது நல்லது. பார்சல் உறையை மணிக்கணக்கில் துடைப்பதில் பெரிய பயனில்லை, பரவல் முக்கியமாகக் காற்று வழியே நடக்கிறது. பிரித்தபின் கை கழுவினால் போதும். ‘வெளிநாட்டிலிருந்து பரிசு வந்திருக்கிறது, சுங்கக் கட்டணம் கட்டுங்கள்’ என்று யாராவது அழைத்தால் பணம் அனுப்பாமல் 1930 என்ற இணைய மோசடிப் புகார் எண்ணில் புகார் செய்யுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது, பண்டிகை கெட்டுவிடக் கூடாதென்று அறிகுறியை மறைப்பது. ‘லேசான தொண்டைக் கரகரப்புதான், மழைக்காலம் அல்லவா’ என்று சொல்லிக்கொண்டு அடுப்படியில் நிற்பவர் வீடு முழுவதற்கும் பரிமாறுகிறார். அவருக்குக் காற்றோட்டமுள்ள தனி அறையைக் கொடுத்து, சாப்பாட்டை வாசலில் வைத்து, ஆக்சிமீட்டரில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு பார்த்துக் குறித்துவர வேண்டும். அளவு 94க்குக் கீழே இறங்கினாலோ மூச்சு வாங்கினாலோ, தேதி 25 ஆனாலும் இரவு இரண்டு மணியானாலும் மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டும். ‘நாளைக்குப் பண்டிகை முடியட்டும்’ என்று காத்திருந்த ஒரு வீட்டை எனக்குத் தெரியும். அதைப் பற்றி அவர்கள் இன்றும் பேசுவதில்லை.

அப்படி இழப்பு நேர்ந்த வீடுகளில் முதல் ஆண்டு பலர் நட்சத்திரம் கட்டுவதில்லை, பலகாரம் சுடுவதில்லை. அந்த வீட்டாரை வாழ்த்துச் செய்திப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவதும், எல்லாருக்கும் அனுப்பும் மினுமினுக்கும் படத்தை அவர்களுக்கும் அனுப்புவதும் ஒன்றுபோலத் தவறு. வழிபாடும் சாப்பாடும் முடிந்து தெரு அடங்கிவிடும் பிற்பகல் மூன்று மணிதான் அவர்களுக்குக் கடினமான நேரம். அப்போது அழைத்து, இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள்.

கொண்டாட்டம் 25ஆம் தேதியோடு முடிந்தாக வேண்டும் என்ற அவசரமும் தேவையில்லை. திருச்சபை மரபிலேயே கிறிஸ்து பிறப்புக் காலம் ஜனவரி 6ஆம் தேதி மூவரசர் திருநாள் வரை நீள்கிறது. பல வீடுகளில் குடிலும் அதுவரை இருக்கும். மகன் குவைத்திலிருந்து வரும்வரை குடிலைப் பிரிப்பதில்லை என்று எங்கள் பெரியம்மா ஒருவர் அதையும் தாண்டிச் சென்றார். அவர் மகன் ஊர் திரும்பித் தனிமை நாட்களை முடித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது பிப்ரவரி பாதி கடந்திருந்தது. அன்றுதான் கேக் வெட்டினார்கள். குடிலைப் பிரிக்கப் போனபோது, வைக்கோலுக்குள் எலி ஒன்று குட்டி போட்டிருந்தது.