சேலம் ஏரியில் பழகிக் கடலுக்குப் போகலாம்: விலங்கு மிதவை உயிரிகளைப் பருவந்தோறும் கணக்கெடுக்கும் முறை

கடற்கரை நீரில் மிதந்து வாழும் நுண் விலங்குகளான விலங்கு மிதவை உயிரிகள் பருவத்துக்குப் பருவம் எவ்வாறு மாறுகின்றன என்பதை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள விரும்பும் மாணவர்கள் சேலத்திலும் இருக்கிறார்கள். கடல் பக்கத்தில் இல்லையே என்று அவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. வலை வீசவும், மாதிரியைக் கெடாமல் காக்கவும், நுண்ணோக்கியில் இனம் பிரித்து எண்ணவும் கன்னங்குறிச்சி மூக்கனேரியிலும் ஏற்காடு ஏரியிலும் ஓராண்டு பழகியவர் கடற்கரைக்குப் போனால் புதிதாகக் கற்க வேண்டியவை சிலவே. அதிலும் மூக்கனேரி சமவெளியின் வெப்பத்தில் கிடக்கிறது. ஏற்காடு ஏரியோ மலைமேல் குளிர்ந்து கிடக்கிறது. ஒரே மாவட்டத்துக்குள் இப்படி இரு வேறு நீர்நிலைகள் கிடைப்பது பழகுபவருக்குப் பெரிய வாய்ப்பு.

முதலில் இடத்தை முடிவு செய்யுங்கள். ஏரியைப் பராமரிப்பவர்களிடம் அனுமதி பெற்றபின், நீர் வரும் வாய்க்கால் அருகே ஒன்று, மதகு அருகே ஒன்று, நடுவில் ஒன்று என மூன்று இடங்களைக் குறித்துக்கொண்டு, ஆண்டு முழுவதும் அவற்றையே பின்பற்ற வேண்டும். ஆகாயத்தாமரை அடர்ந்த ஓரங்களை விட்டுவிடுங்கள். செடிகளின் வேரில் ஒட்டி வாழும் உயிரிகள் கலந்துவிட்டால் அது மிதவை உயிரிகளின் கணக்காக இராது. நேரமும் மாறக் கூடாது. பல மிதவை உயிரிகள் வெயில் ஏறும்போது ஆழத்துக்கு இறங்கி, இரவில் மேலே வருவதால், ஒரு மாதம் காலை ஆறரைக்கும் மறுமாதம் பதினோரு மணிக்கும் எடுத்த மாதிரிகளை ஒப்பிடுவதில் பொருளில்லை.

ஏரிக்கு 60 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக் கண்கள் கொண்ட நைலான் வலை ஏற்றது. பத்து லிட்டர் வாளியால் பத்து முறை, அடிச்சேற்றைக் கலக்காமல் நீரை மொண்டு வலையில் ஊற்றினால் 100 லிட்டர் வடிகட்டியதாகும். பிறகு வலையின் வெளிப்புறத்தில் நீர் தெளித்து, துணியில் ஒட்டியவற்றை வலையின் அடியில் பொருத்திய குப்பிக்குள் இறக்க வேண்டும். இந்தக் கழுவலை அவசரமாகச் செய்பவர்கள் பாதி உயிரிகளை வலையிலேயே விட்டுவிடுகிறார்கள்.

வலையைப் பற்றி என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓராண்டு ஆடி மாதத்தில் எங்கள் வலை கிழிந்தது. கையில் கிடைத்த, கண் பெரிதான வேறொரு வலையால் மீதி மாதங்களை ஓட்டினோம். ஆண்டு முடிவில் வரைபடம் போட்டபோது, ஆடிக்குப் பிறகு ரோட்டிபர்கள் என்னும் மிகச் சிறிய மிதவை உயிரிகள் திடீரெனக் குறைந்திருந்தன. மழைநீர் அடித்துச் சென்றிருக்கும் என்று காரணமும் எழுதிவிட்டோம். உண்மையில் அவை வலையின் கண் வழியே வெளியேறியிருந்தன. ஏழு மாத உழைப்பை ஒதுக்கிவைக்க நேர்ந்தது. ஆகையால் தொடக்கத்திலேயே ஒரே துணியில் இரண்டு வலைகள் தைத்துக்கொள்ளுங்கள். பருவ மாற்றம் கண்ணில் பட வேண்டுமானால், அளப்பவரும் கருவியும் மாறாமல் இருக்க வேண்டும்.

மாதிரி எடுக்கும்போதே நீரின் வெப்பநிலை, கார அமிலநிலை (pH) ஆகியவற்றைக் குறியுங்கள். நீரின் தெளிவை அறிய, கறுப்பும் வெள்ளையுமாகப் பிரித்த, 20 செ.மீ. விட்டமுள்ள செக்கி தட்டைக் கயிற்றில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பதப்படுத்துவதில் சிறிய நுட்பம் உண்டு. நீர்த்தெள்ளுகள் என்னும் ஓடுள்ள சிறு மிதவை உயிரிகளின் மேல், அவை உயிரோடிருக்கும்போதே நேரடியாக ஃபார்மலினை ஊற்றினால் அவற்றின் ஓடு உப்பி, சுமந்திருக்கும் முட்டைகள் வெளியே சிதறிவிடும். முதலில் கடையில் கிடைக்கும் சுவையூட்டாத சோடாவைச் சிறிது சேர்த்து மயங்க விடுங்கள். அதன்பின் 95 மி.லி. மாதிரிக்கு 5 மி.லி. ஃபார்மலின் என்ற அளவில், அதில் சிறிது சர்க்கரையும் கரைத்துச் சேர்த்தால் உடல் வடிவம் கெடாது. ஃபார்மலின் கண்ணையும் மூச்சையும் எரிக்கும் நஞ்சு. கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில், பொறுப்பாளர் முன்னிலையில் மட்டுமே கையாளுங்கள். மீந்ததை ஒருபோதும் ஏரியில் கொட்டாதீர்கள். நாள், இடம், நேரம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய சீட்டைக் குப்பிக்கு உள்ளேயே போட்டுவிடுங்கள், மை கரைந்துவிடும்.

இனி நுண்ணோக்கி. இந்த வேலையில் அதிகப் பொறுமை கேட்பதும் அதிக மகிழ்ச்சி தருவதும் இந்தக் கட்டம்தான். மாதிரியை 50 மி.லி. அளவுக்குச் செறிவாக்கி, மெல்லக் குலுக்கி, வாய் அகன்ற பிப்பெட்டால் 1 மி.லி. எடுத்து, செட்ஜ்விக் ராஃப்டர் எண்ணும் தட்டில் நிரப்புங்கள். மூடுகண்ணாடியைக் குறுக்காக வைத்து ஒரு மூலை வழியே நீரை விட்டால் காற்றுக் குமிழி தங்காது. ஏரி நீரில் முக்கியமாக நான்கு கூட்டங்களைக் காண்பீர்கள். ரோட்டிபர்கள் மிகச் சிறியவை. பிராக்கியோனஸ் கிண்ணம் போன்ற கூட்டின் முன்விளிம்பில் முட்களும் பின்னால் நீண்டு சுருங்கும் காலும் கொண்டது. கெரடெல்லாவுக்கு அந்தக் கால் இல்லை, முதுகில் கட்டங்கள் தெரியும். மொய்னா போன்ற நீர்த்தெள்ளுகளுக்கு ஒற்றைக் கண் பெரிய கரும்புள்ளியாகத் தெரியும்; முதுகுப் பக்கத்து அறையில் முட்டையோ குஞ்சோ இருக்கும். துடுப்புக்காலிகளில், உணர்கொம்பு ஏறக்குறைய உடல் நீளத்துக்கு இருந்தால் கலனாய்டு. கொம்பு குட்டையாக இருந்து, பெண்ணின் இரு பக்கமும் முட்டைப் பைகள் தொங்கினால் சைக்ளோபாய்டு. நான்காவது கூட்டமான ஆஸ்ட்ரகோடுகள் சிறு சிப்பி போல இரு ஓடுகளுக்குள் ஒடுங்கியிருக்கும். மூன்று இணைக் கால்களோடு தென்படும் நாப்ளியஸ் என்னும் இளம் உயிரிகளை அட்டவணையில் தனி நெடுவரிசையில் எழுதுங்கள். அவற்றை இனத்தோடு சேர்த்தால் கணக்கு குழம்பும்.

மூன்று முறை எண்ணிச் சராசரி எடுத்து, அதைச் செறிவாக்கிய மி.லி. அளவால் பெருக்கி, வடிகட்டிய லிட்டரால் வகுத்தால், ஒரு லிட்டரில் உள்ள எண்ணிக்கை கிடைக்கும். தட்டில் சராசரி 24 உயிரிகள் இருந்தால், 24 ஐ 50 ஆல் பெருக்கி 100 ஆல் வகுக்க, லிட்டருக்கு 12.

எண்ணிக்கை வேறு, பன்மை வேறு. பன்மையை அளக்கும் ஷானன் குறியீட்டைக் கணக்கிட, ஒவ்வொரு இனத்தின் பங்கையும் அந்தப் பங்கின் இயல் மடக்கையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, எதிர்க்குறியை நீக்க வேண்டும். நான்கு இனங்கள் சம பங்கில் இருந்தால் 1.39 வரும். அதே நான்கில் ஒன்று நூற்றுக்கு 90 ஆகவும் மற்றவை 4, 3, 3 ஆகவும் இருந்தால் 0.43 தான் வரும். கோடையில் நீர் வற்றி, கழிவும் சேர்ந்த ஏரியில் பிராக்கியோனஸ் மட்டுமே பெருகும்போது லிட்டருக்கான எண்ணிக்கை உயர்ந்து குறியீடு விழுவதைப் பார்ப்பீர்கள். ஆகவே இரண்டையும் அடுத்தடுத்த நெடுவரிசைகளில் எழுதுவது அவசியம் என்று கருதுகிறேன்.

பருவங்களைப் பிரிப்பதில் கடற்கரை வழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள். சோழமண்டலக் கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம் என்று வைத்து, மற்றவற்றை அதற்கு முன்னும் பின்னுமாகப் பிரிப்பார்கள். சேலத்துக்கும் சேர்வராயன் மலைக்கும் தென்மேற்குப் பருவமழையும் கணிசமாகக் கிடைப்பதால், மாதப் பெயரை நம்பாமல், நீர் வரத்து நாட்களைக் குறித்துவைத்துப் பருவங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். புதுவெள்ளம் முதலில் உயிரிகளை நீர்த்துப்போகச் செய்யும். கலங்கல் தெளிந்து பாசி வளரத் தொடங்கியதும், ஆணின்றியே இனம் பெருக்கவல்ல ரோட்டிபர்கள் சில நாட்களில் முந்திக்கொள்ளும். வளர மேலும் நாளெடுக்கும் துடுப்புக்காலிகள் பின்னால் வரும். வெள்ளத்துக்குப்பின் மாதம் ஒருமுறை மட்டும் போனால் இந்த வரிசை கண்ணுக்குத் தப்பிவிடும். வாரம் ஒருமுறை போக வேண்டும். குளிர்ந்த நீரில் முட்டை பொரிய அதிக நாளாவதால், ஏற்காட்டில் இதே வரிசை மெதுவாக நகரும்.

கடற்கரைக்குப் போகும்போது மாற்ற வேண்டியவை இவை. வலையின் கண் 200 மைக்ரான் அளவு இருக்கலாம். வாளிக்குப் பதிலாகப் படகின் பின்னால் மெல்ல இழுக்க வேண்டும். வலைக்குள் எவ்வளவு நீர் புகுந்தது என்று அறிய, வலையின் வாய்ப்பகுதியில் நீரோட்டமானி பொருத்த வேண்டும். வாய் விட்டம் 50 செ.மீ. என்றால் பரப்பு ஏறக்குறைய 0.196 சதுர மீட்டர். 300 மீட்டர் இழுத்தால் சுமார் 59 கன மீட்டர் நீர் வடிகட்டப்படும். ஓட்டுச் சுண்ணாம்பு கரையாமலிருக்க ஃபார்மலினை வெண்காரத்தால் சமன்படுத்துங்கள். வெப்பநிலையோடு உப்பளவையும் கட்டாயம் எழுதுங்கள், ஏனெனில் மழைக்காலத்தில் ஆற்றுநீர் கலந்து உப்பு குறையும்போது கடல் இனங்கள் விலகுவதும், கோடையில் உப்பு ஏறி நிலைக்கும்போது திரும்பி அடர்வதும்தான் அங்கே பருவ மாற்றத்தின் முதுகெலும்பு. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் வெள்ளாற்றுக் கழிமுகத்தின் அருகிலேயே இருப்பதால், இந்த மாற்றத்தைக் கற்க அது நல்ல இடம். கடல் நீர்த் துளியில் அம்புப் புழுக்களும் இறால் குஞ்சுகளும் உங்களுக்குப் புதிதாக இருக்கும். அவற்றின் நடுவே மூன்று இணைக் கால்களால் துடுப்பிட்ட நிலையில் கிடக்கும் நாப்ளியஸை மட்டும், மூக்கனேரியில் பார்த்துப் பழகியதால், பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்வீர்கள்.