பாடம் இலவசம், தேர்வுக்குத்தான் கட்டணம்

அல்சூர் பக்கமிருந்து ஒயிட்ஃபீல்டுக்கு தினமும் மெட்ரோவில் போய் வரும் நேரத்தில் ஏதாவது படிக்க நினைக்கிறவர்களுக்கு இது உதவும். ஏதாவது ஆன்லைன் கோர்ஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் என்பிடெல் (NPTEL) என்ற ஆன்லைன் பாடத் தளத்தை ஒருமுறை பாருங்கள். ஐஐடிகளும் நம்ம பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து தொடங்கியது என்பதால் வெறும் பொறியியல்தான் இருக்கும் என்று பலரும் விட்டுவிடுகிறார்கள், ஆனால் பொருளாதாரம், உளவியல், ஜெர்மன் மொழி வரைக்கும் அங்கே இருக்கிறது. சேரவும் வீடியோ பார்க்கவும் காசில்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும், நேரில் போய் எழுதும் தேர்வுக்குக் கட்டணம். நான் முதல் இரண்டு வாரப் பாடத்தைப் பார்த்து, அசைன்மெண்ட்டும் போட்டுப் பார்த்து, நமக்கு ஒத்துவருகிறது என்று தெரிந்த பிறகுதான் தேர்வுக்குப் பதிவு செய்வேன்.

பள்ளிக் கணக்குப் பாடத்துக்கு கான் அகாடமி என்ற இலவசத் தளம் போதும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் நடத்தும் ஓப்பன்கோர்ஸ்வேர் தளத்தில் லாகின்கூட வேண்டாம், பல பாடங்களுக்குப் பழைய கேள்வித்தாளும் விடையுமே கிடைக்கும்.

அப்புறம், இங்கே பள்ளியில் தமிழ் கிடைக்காத பிள்ளைகள் வீட்டில் இருந்தால், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் மழலைக் கல்வி என்ற பகுதியைத் திறந்து கொடுங்கள். எழுத்து, பாட்டு, கதை எல்லாம் இலவசம். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சேர்ந்து படியுங்கள், தனியாக விட்டால் பத்தே நிமிடத்தில் கார்ட்டூனுக்குப் போய்விடுவார்கள்.