குடிநோய் சிகிச்சைக்கு எவ்வளவு செலவாகும்? கணக்குப் போடும் முறை

வீட்டில் ஒருவரைக் குடியிலிருந்து மீட்டாக வேண்டும் என்று முடிவெடுத்த குடும்பத்தார், மறுவாழ்வு மையத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கும் முதல் கேள்வி "மாதத்துக்கு எவ்வளவு?" என்பதாகவே இருக்கிறது. என் அண்ணனை முதன்முறை சேர்த்தபோது நானும் அதைத்தான் கேட்டேன். அவர்கள் சொன்ன தொகையை எப்படியோ புரட்டிக் கட்டினோம். முப்பது நாள் கழித்து அவர் வீடு திரும்பியபோது, தொடர்ந்து சாப்பிட வேண்டிய மாத்திரைக்கான சீட்டோ, அடுத்து யாரைப் பார்க்க வேண்டும் என்ற குறிப்போ அவர் கையில் இல்லை. மருத்துவரைத் தேடிப் போக எங்களிடம் பணமும் மிஞ்சவில்லை. ஏழாவது வாரம் மீண்டும் குடித்தார். இரண்டாம் முறை சேர்ப்பதற்கு முன் கணக்கை வேறு விதமாகப் போட்டோம். அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்பதையே இங்கே எழுதுகிறேன்.

செலவை மூன்று காலங்களாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் பெருமளவு தீரும். குடியை நிறுத்தியவுடன் உடல் படும் அவதியைப் பாதுகாப்பாகக் கடக்க வேண்டிய 5 முதல் 10 நாள்கள் முதற்காலம். மனத்தையும் பழக்கத்தையும் சீர்செய்யும் சில வாரங்களோ மாதங்களோ இரண்டாம் காலம். வீடு திரும்பிய பின் வரும் ஓராண்டு மூன்றாம் காலம். மாதக் கட்டணமாக நமக்குச் சொல்லப்படும் தொகை பல நேரங்களில் நடுவிலுள்ள காலத்துக்கு மட்டுமே உரியது. முதற்காலத்தின் மருத்துவச் செலவு தனிப் பில்லாக வரக்கூடும்; மூன்றாம் காலத்தைப் பற்றி நாமாகக் கேட்டால் ஒழியப் பேச்சே எழுவதில்லை.

முதலில் மதிப்பீடு

எந்த மையம் நல்லது என்று தேடத் தொடங்குவதற்கு முன், குடிநோயாளிகளைப் பார்த்துப் பழகிய மனநல மருத்துவர் ஒருவரிடம் ஒருமுறை போய்வருவதே மற்ற எல்லாச் செலவையும் ஒழுங்குபடுத்தும் செலவு. குடியின் தீவிரத்தை அறிய, உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 'ஆடிட்' என்னும் 10 கேள்விகள் கொண்ட வினாத்தாளைப் பல மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். அதன் மதிப்பெண் 0 முதல் 40 வரை செல்லும். 8-ஐத் தொட்டால் குடி கேடு விளைவிக்கும் அளவுக்குப் போய்விட்டது என்றும், 20-ஐ எட்டினால் உடலும் மனமும் மதுவைச் சார்ந்துவிட்டிருக்கக் கூடும் என்றும் எடுத்துக்கொண்டு, அடுத்தகட்டச் சோதனைக்கு அனுப்புவார்கள். கல்லீரல், சிறுநீரகம், இரத்த அணுக்கள், சர்க்கரை ஆகியவற்றுக்கான பரிசோதனைகளையும் இப்போதே எடுத்து, அறிக்கைகளைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். சேரும் இடத்தில் அதே பரிசோதனைகளை மறுபடி எடுக்கச் சொன்னால் காரணம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

இந்த மதிப்பீட்டில், உள்நோயாளியாகச் சேர வேண்டிய தேவையே இல்லை என்று தெரியவரலாம். குடிப்பவர் எல்லாரையும் ஒரு மாதம் எங்காவது சேர்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் பல குடும்பங்களைத் தேவையில்லாமல் கடனில் தள்ளியிருக்கிறது.

சிக்கனம் காட்டக் கூடாத நாள்கள்

நாள்தோறும் குடித்துவந்தவரின் காலைப்பொழுதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். தண்ணீர்த் தம்ளரை ஒரு கையால் எடுக்க முடியாமல் இரு கைகளாலும் பிடித்து, அப்படியும் உதட்டுக்குக் கொண்டுபோகுமுன் பாதி சிந்திவிடும். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, படபடப்பு, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை தொடங்குகின்றன. முதல் இரண்டு நாள்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள், இல்லாதது கண்ணுக்குத் தெரிவதும், நாள் கிழமை மறந்துபோவதும், காய்ச்சலும், இரத்த அழுத்த ஏற்றமுமாக 'டெலிரியம் ட்ரெமன்ஸ்' என்ற நிலை வரக்கூடும். சிகிச்சை இல்லாவிட்டால் அது உயிரைப் பறிக்கும். ஆகவே, நெடுநாளாக அதிகம் குடித்த ஒருவரை அறையில் அடைத்து வைத்துத் திடீரென்று நிறுத்தச் செய்வது வைத்தியம் ஆகாது, உயிரோடு விளையாடுவது.

இந்நாள்களில் தரப்படும் டயசிபாம், குளோர்டயசிபாக்சைடு, கல்லீரல் பழுதுற்றவர்களுக்குத் தரப்படும் லோராசிபாம், வைட்டமின் பி1 ஆகிய தயமின் ஊசி ஆகியவை எல்லாம் பழைய மருந்துகள். மருந்துக்கென்று பெரிதாகச் செலவாவதில்லை. தயமினைத் தவறவிட்டால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம் என்பதால் அதை மறக்காமல் கேளுங்கள். உண்மையில் பணம் போவது கண்காணிப்புக்குத்தான்: சில மணி நேரத்துக்கு ஒருமுறை நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்து, நடுக்கத்தின் அளவைக் குறித்து, அதற்கேற்ப மருந்தைக் கூட்டியோ குறைத்தோ கொடுக்கும் செவிலியருக்கு. எனவே கேட்க வேண்டிய கேள்விகளும் அதைப் பற்றியே இருக்கட்டும். இரவில் பயிற்சி பெற்ற செவிலியர் இருக்கிறாரா, மருத்துவர் தினமும் வருகிறாரா, வலிப்பு வந்தால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள், ஆம்புலன்சுக்கும் தீவிர சிகிச்சைக்கும் யார் பணம் கட்ட வேண்டும் என்பனவற்றுக்குத் தெளிவான பதில் கிடைக்காத இடத்தில் இந்தக் காலத்தைக் கழிக்க வேண்டாம். இந்தச் சில நாள்களைப் பொது மருத்துவமனையிலும், பின்னர் வரும் வாரங்களைக் கட்டணம் குறைந்த வேறோர் இடத்திலும் கழிப்பது முற்றிலும் ஏற்கத்தக்க வழி.

முன்பு வலிப்போ டெலிரியமோ வந்தவர்கள், வேறு நோய் உள்ளவர்கள், முதியவர்கள், கருவுற்றவர்கள், வீட்டில் துணைக்கு ஆளில்லாதவர்கள் ஆகியோர் உள்நோயாளியாகவே இருக்க வேண்டும். அறிகுறிகள் லேசாக உள்ளவர், பொறுப்பான ஒருவர் உடனிருக்க, நாள்தோறும் மருத்துவரைத் தொடர்புகொண்டபடி வீட்டிலிருந்தே இதைக் கடக்க முடியும். எது பொருந்தும் என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும்.

எந்த வகைச் சிகிச்சைக்கு எவ்வளவு

செலவு குறைந்தது புறநோயாளிச் சிகிச்சை. வாரம் ஒருமுறையோ இருமுறையோ ஆலோசனைக்குச் சென்று, மருந்து வாங்கிக்கொண்டு, வேலைக்கும் போய்வரலாம் என்பதால் சம்பளமும் இழப்பில்லை. அடுத்தது, வாரத்துக்குச் சுமார் 9 மணி நேரமோ அதற்கு மேலோ நடக்கும் தீவிரப் புறநோயாளித் திட்டம். அதற்கும் மேலே, பகல் முழுதும் மையத்தில் இருந்து இரவு வீடு திரும்பும் பகல்நேரச் சிகிச்சை. தங்கிப் பெறும் சிகிச்சையே மிக அதிகச் செலவாவது. வீட்டிலேயே குடிப்பவர் வேறொருவர் இருந்தாலோ, புறநோயாளியாக முயன்று தோற்றிருந்தாலோ, தற்கொலை எண்ணமோ கடும் மனச்சோர்வோ இருந்தாலோ அந்தச் செலவு தகும். அறையின் குளிர்சாதனமும் தோட்டமும் நீச்சல் குளமும் குடியை நிறுத்துவதில்லை. அவற்றுக்கான தொகையை மூன்றாம் காலத்துக்கு ஒதுக்குவதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

ஆலோசனை முறைகளிலும் விலை உயர்ந்ததே சிறந்தது என்று கொள்ள வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1,726 பேரைக் கொண்டு நடத்தி 1997-இல் முடிவு வெளியான 'பிராஜெக்ட் மேட்ச்' ஆய்வில், 12 அமர்வுகள் கொண்ட இரு முறைகளும், வெறும் 4 அமர்வுகள் கொண்ட, மனமாற்றத்துக்கு ஊக்கமளிக்கும் முறையும் ஏறத்தாழ ஒரே அளவு பலனைத் தந்தன. நான்கு அமர்வுக்குத்தான் வசதி என்றாலும் நம்பிக்கையோடு தொடங்கலாம் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

மருந்துகளைப் பற்றிப் பல குடும்பங்களுக்கு யாரும் சொல்வதே இல்லை. நால்ட்ரெக்சோன் குடியால் கிடைக்கும் இன்பத்தையும் வேட்கையையும் மட்டுப்படுத்துகிறது. மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலி மருந்து எடுப்பவர்களுக்கு அது ஆகாது. அகாம்ப்ரோசேட் குடியை நிறுத்தியவர் அந்நிலையில் நீடிக்க உதவுகிறது; சிறுநீரகம் வழியே வெளியேறுவதால், முன்பு சொன்ன சிறுநீரகப் பரிசோதனை இங்கே பயன்படும். டைசல்பிராம் சாப்பிட்டவர் மது அருந்தினால் முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் ஏற்பட்டு, சில நேரம் இரத்த அழுத்தம் அபாயகரமாகச் சரியும். நோயாளியின் முழுச் சம்மதத்தோடு மட்டுமே தர வேண்டிய இம்மருந்தை, அவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கச் சொல்லும் எவரிடமும் போகாதீர்கள். மாத்திரையாக வாங்கும்போது இவற்றின் மாதச் செலவு, தங்கிப் பெறும் சிகிச்சையின் செலவோடு ஒப்பிட மிகச் சிறியது.

பில்லை எழுத்தில் கேளுங்கள்

சேர்ப்பதற்கு முன், சொல்லும் தொகையில் எதெல்லாம் அடங்கும் என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். முதல் மையத்தின் டிஸ்சார்ஜ் பில்லில் 'சிறப்புக் கவனிப்பு' என்று ஒரு வரி, ஒன்பது நாளுக்குப் போடப்பட்டிருந்தது. அது என்ன என்று கேட்டதற்கு, அண்ணன் தூங்காத இரவுகளில் ஓர் உதவியாளர் உடனிருந்தார் என்றார்கள். மருத்துவர் வருகை, மருந்து, பரிசோதனை, குடும்ப ஆலோசனை, துணி வெளுப்பு வரை ஒவ்வொன்றும் தனியாகப் பில்லில் ஏறக்கூடியவை. ஐந்தாம் நாள் அவர் கிளம்பிவிட்டால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். சங்கடமான கேள்விதான், ஆனால் முதல் வாரத்தில் வெளியேற நினைப்பவர்கள் பலர்.

காப்பீடு இருந்தால், குடி சார்ந்த சிகிச்சை பாலிசியில் விலக்கப்பட்டுள்ளதா, எத்தனை நாள் வரை ஏற்பார்கள், முன் அனுமதி வேண்டுமா, புறநோயாளிச் செலவும் மருந்தும் அடங்குமா என்ற நான்குக்கும் மின்னஞ்சலில் பதில் பெறுங்கள்; வாய்மொழி உறுதி பில் வரும் நாளில் கைகொடுக்காது. வருமானத்துக்கேற்பக் கட்டணத்தைக் குறைக்கும் மையங்களும், தவணையில் வாங்கிக்கொள்ளும் மையங்களும் உண்டு என்பதால் கேட்கத் தயங்க வேண்டாம். குடியை விட விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும், 1935-இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களில் சேர எந்தக் கட்டணமும் இல்லை. குடும்பத்தாருக்கு அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன. நூறு சதவீதக் குணத்துக்கு உத்தரவாதம் தருவோரையும், உறவினர் பார்க்கவே கூடாது என்போரையும் அந்த நிமிடமே தவிர்த்துவிடுங்கள்.

ஓராண்டுக்கான பணத்தை முதலில் எடுத்து வையுங்கள்

உங்களால் திரட்ட முடிந்த மொத்தத் தொகையை நூறு பங்காக வைத்துக்கொண்டால், அதில் முப்பதையோ நாற்பதையோ மூன்றாம் காலத்துக்கென்று முதலிலேயே தனியே எடுத்துவைத்து, எஞ்சியதற்குள் மையத்தைத் தேடுங்கள். இது எங்கள் அனுபவத்தில் கண்ட விகிதம். உங்கள் நிலைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். மருத்துவரைச் சந்திக்கும் கட்டணம், மருந்து, ஆலோசனை, போக்குவரத்து, வேலைக்குத் திரும்பும் வரை வீட்டுச் செலவு ஆகியவற்றோடு, மீண்டும் ஒருமுறை சறுக்கினால் சில நாள் சேர்ப்பதற்கான தொகையும் இதில் அடங்க வேண்டும். சறுக்குவது இந்நோயில் அடிக்கடி நேர்வது. முதல் சில மாதங்களில் அதற்கான வாய்ப்பு மிக அதிகம். அதற்கும் பணம் ஒதுக்கியிருப்பது அவர்மேல் நம்பிக்கை இல்லாததால் அல்ல என்பதை அவரிடமே சொல்லி, அவரையும் உட்கார வைத்தே இந்தக் கணக்கைப் போடுங்கள்.

இரண்டாம் முறை அண்ணனை அழைத்துவரச் சென்ற நாளில், கிளம்புவதற்கு முன் ஒரே தாளில் நான்கு விஷயங்களை எழுதி வாங்கினேன்: அடுத்த மருத்துவச் சந்திப்பின் தேதி, சாப்பிட வேண்டிய மருந்துகளின் பெயரும் அளவும், அவற்றை வீட்டில் யார் எடுத்துக் கொடுப்பது என்பது, குடிக்கத் தோன்றினாலோ குடித்துவிட்டாலோ எந்த எண்ணை அழைப்பது என்பது. தேதி பத்து நாளுக்குள் வரும்படி கேட்டு மாற்றிக்கொண்டோம். மருந்துச் சீட்டோடு சேர்த்து அந்தத் தாளை அண்ணனே மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.