உறைபனியில் படம்பிடிப்பது எப்படி: ஃபிராங்க் ஹர்லி காட்டும் வழி

பனிநிலத்துக்குக் கேமராவோடு செல்பவர் படம் எடுப்பதற்குப் படும் பாட்டைவிட, எடுத்த படத்தையும் எடுக்கும் கருவியையும் காப்பாற்றுவதற்குப் படும் பாடே பெரிது. துருவப் பயணி ஷாக்கிள்டனின் அண்டார்க்டிகா பயணத்தில் ஒளிப்பதிவாளராகச் சென்ற ஆஸ்திரேலியர் ஃபிராங்க் ஹர்லியின் (1885–1962) அனுபவத்தை இதற்குப் பாடமாகக் கொள்ளலாம். அவர் சென்ற ‘எண்டுரன்ஸ்’ கப்பல் 1915 ஜனவரியில் வெடெல் கடலின் பனியில் சிக்கியது.

குளிரில் முதலில் சோர்வது பேட்டரி. மாற்று பேட்டரிகளைச் சட்டைக்குள், உடம்புச் சூடு படும்படி வைத்திருங்கள். தீர்ந்துவிட்டதாகக் காட்டும் பேட்டரியும் சூடேறிய பின் பெரும்பாலும் சிறிது நேரம் உழைக்கும். வெளியிலிருந்து கூடாரத்துக்குள் நுழையும்போது, குளிர்ந்த சோடா பாட்டில் வியர்ப்பதுபோலக் கேமராவும் வியர்த்து, அந்த ஈரம் மறுபடி வெளியே போனதும் லென்ஸுக்குள் உறைந்துவிடும். ஆகவே நுழைவதற்கு முன்பே கேமராவைக் காற்றுப் புகாத பையில் இட்டு மூடி, உள்ளே மெதுவாகச் சூடேறிய பிறகே திறக்க வேண்டும். லென்ஸை வாயால் ஊதித் துடைக்காதீர்கள். எங்கும் வெண்மையாக இருந்தால் கேமராவின் ஒளி அளவி ஏமாந்து பனியைச் சாம்பல் நிறமாக்கிவிடும் என்பதால், எக்ஸ்போஷரை (படத்தில் விழும் ஒளியை) ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை கூட்டிக்கொள்ளுங்கள்; ஒரு ஸ்டாப் என்பது ஒளியை இரட்டிப்பாக்குவது.

இரவுக் காட்சிக்கு ஹர்லியின் வழி இன்றும் செல்லும். 1915 ஆகஸ்ட் 27 அன்று, துருவ இருளில், பனிமேடுகளின் பின்னால் சுமார் இருபது இடங்களில் பிளாஷ் மருந்தை வைத்துக் கொளுத்தி, உறைந்த கப்பலை வெள்ளியாக ஒளிரச் செய்தார். அடுத்தடுத்த வெளிச்சத்தில் கண் கூசி, வழி தெரியாமல் பனியில் இடறி விழுந்ததுதான் அதற்குக் கொடுத்த விலை. நீங்கள் கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஷட்டரைத் திறந்தே வைத்து, கையில் ஒரே ஒரு பிளாஷுடன் இடம் மாறி மாறி நின்று பொருளின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே ஒளி கொடுக்கலாம். பிளாஷ் லென்ஸைப் பார்க்கக் கூடாது. உடை கறுப்பாக இருக்கட்டும். நடக்கப்போகும் பாதையைப் பகலிலேயே ஒருமுறை நடந்து பாருங்கள்.

சலனப்படத்துக்கு வேண்டியது பொறுமை. பனி நெருக்கிய கப்பலின் பாய்மரங்கள் சரிந்து விழுவதை ஹர்லி பதிவுசெய்ய முடிந்ததற்குக் காரணம், கேமராவை முன்கூட்டியே நிறுத்திவைத்துக் காத்திருந்ததுதான்.

கப்பல் நொறுங்கிய பின், சட்டையைக் கழற்றிவிட்டுப் பனிக்கூழாகக் கிடந்த நீரில் மூழ்கி, நெகட்டிவ்கள் இருந்த பெட்டிகளை அவர் மீட்டார். எல்லாவற்றையும் சுமக்க இயலாததால், ஷாக்கிள்டனுடன் பனியில் அமர்ந்து சுமார் 120 கண்ணாடி நெகட்டிவ் தகடுகளை மட்டும் தேர்ந்து, ஏறக்குறைய 400 தகடுகளை, பின்னர் மனம் மாறாதிருக்க, அங்கேயே உடைத்துப்போட்டார். உடைப்பதை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. நல்ல படங்களை மட்டும் தேர்ந்துகொள்ளும் பழக்கத்தையும், பெட்டியை நீர் புகாமல் அடைத்துவைத்த முன்யோசனையையும் பின்பற்றலாம். இரண்டு பிரதிகள் எடுத்து, இரண்டாவதைத் தோழர் ஒருவரின் பையில் வையுங்கள். பெரிய கேமராக்களைக் கைவிட்ட பின் ஹர்லிக்கு மிஞ்சியது ஒரு சிறிய கோடாக் கேமராவும் மூன்று சுருள் படச்சுருளுமே. பின்னர் ஒதுங்கிய எலிஃபண்ட் தீவில் 22 பேர் மீட்புக்காகக் காத்திருந்த மாதங்கள் அதில்தான் அடங்கின.

ஒன்றில் மட்டும் அவரைப் பின்பற்றாதீர்கள். 1916 ஏப்ரலில் உதவி தேடி ஜேம்ஸ் கெய்ர்ட் படகு புறப்பட்ட காட்சி, பின்னர் திருத்தப்பட்டு மீட்புக் காட்சியாகக் காட்டப்பட்டது. 1917இல் முதல் உலகப் போர்முனையில் பல நெகட்டிவ்களை ஒட்டி ஒரே படமாக்கியது ஆஸ்திரேலியாவின் போர் வரலாற்றாசிரியர் சார்ல்ஸ் பீனுடன் பெரும் பிணக்கை உண்டாக்கியது. இணைத்த படமென்றால் இணைத்தது என்றே எழுதுங்கள். நாள், இடம், நிகழ்ச்சி மூன்றையும் அன்றே குறிப்பேட்டில் பதியுங்கள். பென்சிலால் எழுதுவது நல்லது, பேனா மை உறைந்துவிடும்.