கடற்பாசியும் சாணமும்: கோபர் கேஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் மண்டபம் ஊர்ப் பக்கம் கரையொதுங்கும் கட்டக்கோரை என்ற கடற்பாசியைக் கோபர் கேஸ் (சாண எரிவாயு) தொட்டியில் சாணத்தோடு சேர்த்துப் பார்த்த இரண்டு இளைஞர்கள் இந்த மாதம் என்னிடம் வந்தார்கள். நான் அன்று பட்டதையே இருவரும் பட்டிருந்தார்கள். நறுக்கிப் போடுவது, கசிவை அடைப்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும், அதை விடுகிறேன்.

மணல்

அலசாமல் போட்டால் அடியில் படிந்து தொட்டி சிறுத்துவிடும்.

ஸ்லரித் தண்ணீரையே திரும்ப ஊற்றுவது

ஸ்லரி என்பது கேஸ் தந்தபின் தொட்டியிலிருந்து வெளிவரும் சாணக் கரைசல். இதில்தான் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. சாணத்துக்குச் சம அளவு தண்ணீர் வேண்டும். எங்கள் ஊரில் நல்ல தண்ணீர் குடக்கணக்கில் வாங்குவது. அதனால் வெளித்தொட்டியில் தெளிந்த நீரையே மொண்டு கரைக்கத் தோன்றும். வெறும் சாணம் என்றால் ஓரளவு தாங்கும். பாசி மக்கிக் கேஸாகப் போய்விடும், அதன் உப்பு போகாது. ஸ்லரியோடு வெளியேறினால்தான் உண்டு. அதையே திரும்ப ஊற்றினால் நாளுக்கு நாள் ஏறும். அந்த உப்பிலுள்ள சோடியம் லிட்டருக்கு 3.5 கிராமைத் தாண்டினால் எரியும் வாயுவான மீத்தேனைத் தரும் நுண்ணுயிர்கள் தளரத் தொடங்கும். 8 கிராமில் ஏறக்குறைய முடங்கிவிடும்.

என் 2 கனமீட்டர் தொட்டியில் மூன்றாவது வாரம் சுடர் நடுங்கியது. பிறகு பற்றவைத்த தீக்குச்சியே அணைந்தது. கேஸ் வந்தது, ஆனால் பெரும்பகுதி கரியமில வாயு. குறைகிறதே என்று மேலும் பாசி போட்டேன். கடைசியில் முக்கால் தொட்டியை இறைத்துக் கொட்டி, புதுச் சாணம் நிரப்பி, 40 நாள் விறகடுப்பு. புகையில் என் மனைவி இருமியது இன்னும் காதில் இருக்கிறது.

இப்போது அலசிய பாசியில் ஒரு பிடி பிழிந்து, வடியும் நீரை நாக்கில் வைத்துப் பார்ப்பேன். கரித்தால் மறுபடி அலசல். ஐப்பசி மழையில் விரித்துப் போட்டால் அலசும் தண்ணீர்ச் செலவும் இல்லை. 50 கிலோ சாணத்துக்கு 5 கிலோ பாசியில் தொடங்குங்கள். இரண்டு வாரம் சுடர் நீலமாக நின்றால் மட்டும் கூட்டுங்கள்.

வைக்கோலை முழுசாகப் போடுவது

மேலே மிதந்து ஆடை கட்டும்.

வாடை நின்றதும் நிம்மதி அடைவது

பாசியில் ஏறியிருக்கும் சல்பேட்டிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வரும், அழுகிய முட்டை வாடையோடு. பர்னரை அரிக்கும். குழாய் வழியில் துருவேறிய இரும்புச் சீவலை அடைத்து வையுங்கள். அளவு மிகுந்தால் மூக்கு மரத்து வாடையே தெரியாது. வாடை அடங்கியதென்று தொட்டிக்குள் தலையை விடாதீர்கள், உயிர் போகும்.

ஸ்லரியை மிளகாய்க்கு விடுவது

வேண்டாம், அதில் பாசியின் உப்பு இருக்கும். தென்னை தாங்கும்.

தீவுப் பாசி

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. அங்கே கை வைக்காதீர்கள், கரையொதுங்கியதே போதும்.