வெள்ளி மோதிரத்தில் ஒளிந்திருந்த ஈயம்

மூன்று நாளாக ஒரு 92.5 வெள்ளி (நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி) மோதிரம் என்னைப் படுத்தி எடுத்துவிட்டது. வளையத்தில் ஒரு விரிசல், அவ்வளவுதான். பற்றாசு, அதாவது உருக்கி ஒட்டும் உலோகம், நன்றாக ஓடுவதற்காக வெண்காரம் தடவிச் சூடு காட்டினால், அது ஓடாமல் உருண்டையாக நின்றது. பக்கத்தில் சின்னச் சின்னக் குழிகள் வேறு.

அழுக்கு என்று நினைத்து அமிலத்தில் போட்டு எடுத்தேன். பலனில்லை. வெண்காரத்தை மாற்றினேன், தீயைக் கூட்டினேன். குழி பெரிதானதுதான் மிச்சம்.

அப்புறம் லென்ஸ் வைத்துப் பார்த்தால், விரிசல் ஓரத்தில் மங்கலாக ஒரு சாம்பல் திட்டு. ஊசியால் கீறினேன், மெழுகு போல வழித்துக்கொண்டு வந்தது. வெள்ளி அப்படி வராது. யாரோ முன்பு ஈயப் பற்றாசு வைத்து ஒட்டியிருக்கிறார்கள். அது 200 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே உருகிவிடும்; வெள்ளிப் பற்றாசு ஓட 700 டிகிரி பக்கம் போக வேண்டும். அந்தச் சூட்டில் ஈயம் வெள்ளியையே அரித்துவிடும். நானே தீ வைத்துக் குழி பறித்திருக்கிறேன்!

சரி என்று, சூடே காட்டாமல் திட்டை முழுக்கச் சுரண்டினேன். குழி விழுந்த இடத்தை அறுத்தெடுத்து, 3 மி.மீ. புது வெள்ளித் துண்டைப் பொருத்தினேன். ஈயம் பட்ட அரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, வேறு அரத்தால் விளிம்பை ராவினேன். இந்த முறை பற்றாசு ஒரே ஓட்டமாக ஓடியது.